புரத நிறையும் நுண்ணுயிர்ப் பெயரும்

கடலூரினின்று சிதம்பரம் வழியாகக் கொள்ளிடக்கரை வரை செல்வார்க்கு இருமருங்கும் தோன்றுவன பெரும்பாலும் நெல்வயல்களே. வீராணத்து நீர் பாயும் இத் தாழ்நிலம் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குவது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டம் உற்ற அழிவை நாடறியும். இத்தகைய ஈரமண்ணிலும் தேங்குநீரிலும் வாழவல்ல ஒரு கிருமியால் வருவது மெலியோய்டோசிசு என்னும் நோய். புரதங்களின் நிறையை அளந்து நுண்ணுயிரின் பெயரை உரைக்கும் புதுமுறை, இக்கிருமியை அறிதற்கு எத்துணை உதவும், எவ்விடத்தில் வழுவும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. தமிழாய்வு இதழில் இப்பொருள் ஏற்குமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம்: இம்முறையின் உயிர்நிலை ஒப்புநோக்கு, ஏடுகளை ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு இது புதிதன்று.

முதற்கண் சொல்லைத் தெளிதல் வேண்டும். ஆங்கிலேயர் ‘மாஸ்’ என்பதனைத் தமிழகப் பாடநூல்கள் நிறை என்றும், ‘வெயிட்’ என்பதனை எடை என்றும் வழங்கும். ஈழத்துப் பாடநூல்களோ முன்னதைத் திணிவு என்றும், பின்னதையே நிறை என்றும் வழங்குகின்றன. ஒரே சொல் பாக்குநீரிணையின் இருகரையிலும் இருபொருள் பயத்தல் அறிவியல் தமிழுக்கு நன்றன்று என்பது எம் கருத்து. இக்கட்டுரையில் தமிழக வழக்கையே மேற்கொண்டோம்.

உயிரணுவினுள் புரதங்களைப் படைக்கும் நுண்ணுறுப்பு ரைபோசோம் எனப்படும். பாக்டீரியாவின் ரைபோசோம் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களைத் தன் கட்டமைப்பிற் கொண்டது. ஓரணுவில் பல்லாயிரம் ரைபோசோம்கள் இருத்தலின் இப்புரதங்கள் மிகுதியாகக் கிடைக்கும். இவற்றின் நிறையோ இனத்துக்கு இனம் சிறிதளவு வேறுபடும். நோயாளியின் குருதியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியில் ஊசிமுனையளவு எடுத்து உலோகத் தட்டில் தடவி, அதன்மேல் ஒருவகைக் கரிம அமிலக் கரைசலை ஒரு துளி விடுவர். அது காய்ந்து படிகமானபின் வெற்றிடத்தில் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவர். படிகம் ஒளியாற்றலைத் தான் ஏற்று, புரதங்களைச் சிதையாமல் மின்னேற்றத்துடன் எழுப்பிவிடும். மின்புலத்தால் உந்தப்பட்டு அவை ஒரு குழலினூடே பறக்கும்பொழுது இலகுவன முந்தும், கனத்தன பிந்தும். பறந்த நேரத்தைக் கொண்டு நிறை கணிக்கப்படும். 2000 முதல் 20,000 டால்டன் வரையுள்ள புரதங்களின் முகடுகள் வரைபடமாக விரிய, அதனைக் கருவி தன் தொகுதியிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடும். மிகுதியாக வழங்கும் ஒரு கருவியில் 3 என்பது உச்சம். 2-ம் அதற்கு மேலும் பெற்ற பெயரையே இனப்பெயராகக் கொள்வர். கிருமியை வளர்ப்பதற்கு ஓரிரவு வேண்டுமெனினும், பெயர் காண்பதற்கு முன்பு ஒருநாளோ இருநாளோ வேண்டியிருந்த இடத்தில் இன்று சில நிமிடங்கள் போதும்.

இம்முறையை மால்டி என்பர். 1980-களில் செருமனியின் இல்லன்காம்பு, காராசு என்னும் இருவரும், சப்பானின் தனாக்காவும் தனித்தனியே இதற்கு வழிகோலினர். 2002-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு தனாக்காவுக்கே கிடைத்தது. இன்று ஆய்வகங்களில் வழங்குவதோ செருமானியர் முறையை ஒட்டியது. பரிசளிப்பார் தீர்ப்பு இன்றும் வாதத்துக்குரியதே.

இனி நோயின்பாற் செல்வோம். 1912-இல் இரங்கூனில் விட்மோர், கிருட்டிணசாமி என்னும் மருத்துவர் இருவர் இந்நோயை முதன்முதல் விளக்கி எழுதினர். வெறுங்காலுடன் சேற்றில் உழைப்பார்க்குத் தோலின் சிறுபுண் வழியாகவும், சிலவேளை மூச்சின் வழியாகவும் கிருமி உட்புகும். நீரிழிவுடையாரை இது பெரிதும் பற்றும். நுரையீரலில் தோன்றின் காசநோய் போலவும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் தோன்றின் வேறு சீழ்க்கட்டி போலவும் மயக்கும். மருத்துவ வசதி குன்றிய இடங்களில் நோயுற்றாருள் நூற்றுக்கு நாற்பதின்மர் வரை இறத்தலும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1990-களிலேயே இதனை எடுத்துரைத்தனர். கடலூருக்கு வடக்கே அணித்தாக உள்ள புதுச்சேரி சிப்மர் மருத்துவமனையினின்றும் அறிக்கைகள் வெளிவந்துள்ளன. இதற்குரிய மருந்து வேறு. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசிவழி இருவாரமேனும் செலுத்தி, அதன்பின் மாத்திரைகளைத் திங்கட்கணக்கில் தருதல் வேண்டும். காசநோய் மருந்து இதற்குப் பயன்படாது. ஆதலின் பெயர் பிழைப்பின் உயிர் பிழையாது.

புதுக்கருவி பிழைபட்டதும் இவ்விடத்தேதான். இக்கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லியை. இதற்கு மிக நெருங்கிய உறவினது, பெரும்பாலும் தீங்கு செய்யாத மண்வாழ் கிருமியாகிய தாய்லாண்டென்சிசு. முன்னது உயிரியற் போர்க்கருவியாகப் பயன்படலாம் என்னும் அச்சத்தால், அதன் படங்கள் பொதுத்தொகுதியில் சேர்க்கப்படாது தனித்தொகுதியில் வைக்கப்பட்டன. தொகுதியில் இல்லாத ஒன்றைக் கருவி எங்ஙனம் பெயரிடும்? அருகிலிருந்த உறவினத்தின் பெயரை, சிலபோது உயர்ந்த மதிப்பெண்ணோடே, கூறிவிட்டது. அறிக்கையைக் காணும் மருத்துவர் அதனைப் புறத்திருந்து கலந்த மாசு எனத் தள்ளிவிடுதல் கூடும். இது கருவியின் அளவைக் குற்றமன்று. நிறைகள் சரியாகவே அளக்கப்பட்டன. குறைபட்டது ஒப்புநோக்கற்குரிய மூலத்தொகுதியே. பல நாடுகளிற் பிரித்தெடுத்த சூடோமல்லியைப் படங்களைத் தொகுதியிற் சேர்த்தபின் இரண்டும் பிரித்தறியப்பட்டன என்பது இதனை வலியுறுத்தும். எசரிக்கியா கோலியும் சிகெல்லாவும் போன்று, புரத நிறையாலேயே பிரித்தறிதற்கு அரியனவும் உள. அவை வேறுவகைச் சிக்கல்.

பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் நிலையத்தார், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து ஆராய்ந்து வருதல் பலரும் அறிந்தது. மருத்துவமனைகளை நோக்கித் தொகுக்கப்பட்ட படத்தொகுதிகளில் இத்தகைய உவர்நிலத்து உயிர்கள் மிகக் குறைவே. இவ்வட்டார நோயாளிகளிடமும், வயல்மண்ணிலும், கழிமுகத்திலும் கிடைக்கும் வகைகளை மரபணுவால் உறுதிசெய்து, அவற்றின் புரதப்படங்களைத் தொகுத்தல் சிதம்பரத்து ஆய்வாளர்க்கு அணித்தே உள்ள பணி. சூடோமல்லியையை மட்டும் உரிய காப்புடைய ஆய்வகத்திலேயே கையாளுதல் வேண்டும்.

கருவியின் விலை மிகுதியாதலின் அஃது எல்லா மருத்துவமனையிலும் வருதல் எளிதன்று. அதுவரை, கிராம்நெகட்டிவ் கோலுயிராய், ஆக்சிடேசு சோதனைக்கு இணங்கி, செண்டாமைசினுக்கும் கொலிசுட்டினுக்கும் அழியாது, கோஅமாக்சிகிளாவுக்கு மட்டும் அழிவதொன்றைக் கண்டால், அதனைச் சூடோமோனாசு என எழுதி மூடிவிடாது மெலியோய்டோசிசு என ஐயுற்று மேற்சோதனைக்கு அனுப்புதல் தகும். மருந்து தோய்ந்த மூன்று காகித வில்லைகளும் ஓரிரவுமே இதற்கு வேண்டுவன. கடலூரின் சிறிய ஆய்வகத்திலும் இது செய்தற்கு இயலும்.