மூத்தம்மாவின் கவியும் புதிய டிஸ்க்கும்

வாப்பாவின் லெப்டொப்பை அழுத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 2018இல் வாங்கியது. அதிலிருந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுபோனது. "புதுசு வாங்க ஏலாது, இதைத்தான் சரிப்படுத்தணும்" என்றார் வாப்பா.

தாமதத்துக்குக் காரணம் வன்தட்டு. அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. தேடும் தரவு வாசிக்கும் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரம் வேறு. ஒரு கோப்புக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறதே! எஸ்.எஸ்.டியில் சுழல எதுவுமில்லை. தரவுகள் மின்னேற்றமாகச் சிப்புகளில் இருப்பதால் எங்கிருந்தாலும் 0.1 மில்லிசெக்கன் அளவில் கிடைத்துவிடும்.

விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். எங்களுடையது மயிரிழையில் தப்பியது. அக்கரைப்பற்றில் ஒரு கடையில் எஸ்.எஸ்.டியைப் பூட்டி, விண்டோஸ் 11ஐயும் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். வாப்பாவின் கோப்புகளையும் பிரதிசெய்து தந்தார்கள். வீட்டுக்கு வந்து அழுத்தினால், இருபது செக்கனுக்குள் திறந்தது. உம்மாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தா.

பிறகுதான் வாப்பா 'கவி' என்ற கோப்பைத் திறந்தார். மூத்தம்மா சொல்லச் சொல்ல அவர் தட்டச்சுச் செய்த நாட்டார் கவிகள். மூத்தம்மா மௌத்தாகி இரண்டு வருடம். திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். வாப்பா ஒன்றும் பேசாமல் கதிரையில் சாய்ந்துவிட்டார். கோப்பு பழுதாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

பழுதாகவில்லை. வாப்பா தட்டச்சுச் செய்தது பாமினியில். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் எழுத்துரு. 'உம்மா' என்று நாம் காண்பது கணினிக்கு சீ, கே, அரைப்புள்ளி, கே, எச். போர்வை இல்லாவிட்டால் உள்ளிருப்பது வெளியே தெரியும். பழைய விண்டோஸுக்கு மேலேயே 11ஐ ஏற்றியிருந்தாலோ, டிஸ்க்கை அப்படியே குளோன் செய்திருந்தாலோ எழுத்துருவும் கூடவே வந்திருக்கும். புதிதாகப் போட்டால் விண்டோஸோடு வருபவை மட்டுமே இருக்கும். பாமினி அதில் இல்லை.

நல்லவேளை, பழைய வன்தட்டைக் கடையில் கொடுத்துவிடவில்லை. அதை ஒரு உறையில் போட்டு யூ.எஸ்.பியில் மாட்டி, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் என்பதிலிருந்து பாமினியை எடுத்து நிறுவினேன். கவிகள் திரும்பி வந்தன. வாப்பா முதலாவதைச் சத்தமாகவே வாசித்தார்.

ஆனால் கைபேசியில் இன்னும் அந்த அரைப்புள்ளிக் கூட்டம்தான். அதனால் ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்கினேன். ஒருங்குறியில் 'உ'வுக்கென்றே தனி எண் இருப்பதால் எந்தக் கருவியிலும் 'உ' 'உ'தான். மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன, முழுதாக நம்ப முடியாது. எங்கள் கோப்பில் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ' வந்து நின்றது. பாமினியில் காற்புள்ளி விசையில்தான் 'இ' இருக்கிறது. வாப்பா காற்புள்ளிகளை மட்டும் வேறு எழுத்துருவில் போட்டிருந்தார். எது கவியின் 'இ', எது காற்புள்ளி என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய வன்தட்டு இப்போது அலுமாரியில். எஸ்.எஸ்.டியில் அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் முடியாது. பழுதாகுமுன் அது வன்தட்டைப்போல் டிக் டிக்கென்று எச்சரிப்பதுமில்லை. அதனால் கவிகளை ஒரு பென் டிரைவிலும் போட்டு உம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நாற்பது கவிகள் திருத்தியாயிற்று. மீதி உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு.