நிழலை நம்பி ஸ்டென்ட் வைக்கலாமா?

கவரைப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்வருபவர்கள் பார்த்திருக்கக்கூடும். ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தின் மேல் சின்னத் தள்ளுவண்டி ஒன்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, எதிரொலியை வைத்து உள்விரிசலைக் கண்டுபிடிக்கிற கருவி அது. மேலே பளபளக்கிறதே என்று தண்டவாளத்தை யாரும் விட்டுவிடுவதில்லை.

இதயத்தின் ரத்தக்குழாயை மட்டும் வெகுகாலம் நிழலாகவே பார்த்து வந்தோம்.

ஆஞ்சியோகிராம் காட்டுவது நிழலைத்தான். சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும்போது ரத்தம் ஓடும் பாதை தெரியும்; குழாயின் சுவர் தெரியாது. அடைத்திருப்பது கொழுப்பா, கல்லாக இறுகிய சுண்ணாம்பா என்பதை நிழல் சரியாகச் சொல்லாது. 1977-ல் சூரிச்சில் குரூன்ட்சிக் முதன்முதலாகப் பலூன் வைத்து அடைப்பை விரித்ததும், 1986-ல் டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் அந்தச் சிகிச்சையை இந்தியாவில் தொடங்கியதும் இந்த நிழலை வைத்துத்தான். அவர்கள் திறமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இப்போது குழாய்க்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். வழி இரண்டு. ஒன்று ஐவஸ்: தண்டவாள வண்டி செய்கிற அதே வேலையை, நூல் போன்ற கதீட்டரின் நுனி குழாய்க்குள்ளிருந்து செய்கிறது. மற்றொன்று ஓ.சி.டி. ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. 10 முதல் 20 மைக்ரான் வரையிலான நுணுக்கத்தைக் காட்டும். தலைமுடியின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. ஆனால் ரத்தம் ஒளியை மறைக்கும் என்பதால், சாயத்தைப் பாய்ச்சி ரத்தத்தை ஒரு கணம் விலக்குகிறார்கள். அந்தச் சில விநாடிகளில் கதீட்டர் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. மரத்தை அறுத்த வட்டம்போலக் குழாயின் குறுக்குவெட்டு திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. சிறுநீரகம் பலவீனமானவருக்குக் கூடுதல் சாயம் ஆகாது. அவருக்கு ஐவஸ் நல்லது.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? சுண்ணாம்பு குழாயைப் பாதிக்குமேல் சுற்றிக்கொண்டு அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் முழுதாக விரியாமல் போகலாம். சரியாக விரியாத ஸ்டென்டில் மறுபடி அடைப்பு வரலாம், ரத்தம் உறையலாம். முன்பே தெரிந்தால், சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல அதிர்வலையால் சுண்ணாம்பை உடைத்துவிட்டு ஸ்டென்ட் வைக்கலாம். வைத்த பிறகும் மீண்டும் உள்ளே பார்த்து, சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம்.

ஆதாரமும் வலுவானது. சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரை வைத்து தென்கொரியாவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. இதய நோயால் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகிய பாதிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், உள்ளே பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 7.7 சதவீதம், ஆஞ்சியோகிராம் மட்டும் பார்த்தவர்களில் 12.3 சதவீதம். இடது பிரதான குழாய், கிளை பிரியும் இடம், நீண்ட அடைப்பு போன்றவற்றுக்கு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல் பரிந்துரைத்துவிட்டது. எளிமையான சின்ன அடைப்புக்கு அவ்வளவு கட்டாயமில்லை.

தடை பணம்தான். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017-ல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தபோது, லட்சத்தைத் தாண்டியிருந்த விலை முப்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. உள்ளே பார்க்கும் கதீட்டருக்கோ தனிச்செலவு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஏழைக்கு நிழல், வசதியுள்ளவருக்கு வெளிச்சம் என்று இது பிரிந்துவிடக் கூடாது. சிக்கலான அடைப்புகளுக்காவது காப்பீட்டுத் திட்டங்கள் இந்தச் செலவை ஏற்க வேண்டும்.

நெஞ்சுவலி வந்த நேரத்தில் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆனால் நாள் குறித்து ஸ்டென்ட் வைக்கச் சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “சார், என் அடைப்புக்கு உள்ளே பார்த்து வைக்கணுமா? இங்கே அந்த வசதி இருக்கா?”