பேரேட்டில் வாக்கைப் பதிய இயலுமா?

வங்கிக் கிளைகள் கணினிமயமாவதற்கு முன்பு, கணக்குப் பேரேடுகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் நள்ளிரவு ஆகிவிடும் என்று எங்கள் மூத்த அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேரேட்டுக்குப் படி கிடையாது; அதைத் திருத்த முடிந்தவர் கணக்கையே திருத்திவிடலாம். அதே பேரேட்டின் படிகளைப் பலர் பல இடங்களில் வைத்திருந்து, ஒவ்வொரு புதிய பக்கத்தையும் அனைவரும் ஒப்புக்கொண்ட பின்னரே சேர்ப்பது என்பதுதான் பிளாக்செயின் தொழில்நுட்பத்தின் அடிப்படை. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் எண்முத்திரை இருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை மாறும். பின்வரும் பக்கங்கள் அனைத்தும் பொருந்தாமல் போய் மோசடியைக் காட்டிக்கொடுக்கும்.

திருத்த முடியாத இத்தகைய பதிவேட்டைத் தேர்தலுக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பே. அதற்கான தேவையும் உண்மையானது. 2019 மக்களவைத் தேர்தலில் 67.4 விழுக்காட்டினரே வாக்களித்தனர். 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. பிழைப்புக்காக வெளி மாநிலம் சென்றோர் அவர்களில் கணிசமானோர். 2020-இல் தேர்தல் ஆணையம் சென்னை ஐ.ஐ.டி.யுடன் இணைந்து இத்தொழில்நுட்பத்தை ஆராயத் தொடங்கியது. 2021-இல் தெலங்கானாவின் கம்மத்தில் கைப்பேசி வழி வாக்குப்பதிவு ஒத்திகையாக நடத்தப்பட்டது.

வெளிநாட்டு அனுபவமோ எச்சரிக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 2018-இல் அயல்நாடுகளில் இருந்த 144 வாக்காளர்கள் பிளாக்செயின் சார்ந்த கைப்பேசிச் செயலி மூலம் வாக்களித்தனர். 2020-இல் அச்செயலியை ஆராய்ந்த எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், வாக்கை மாற்றவும் தடுக்கவும் வெளிப்படுத்தவும் வழியுண்டு என்று காட்டினர். மாஸ்கோவில் 2019-இல் பயன்படவிருந்த முறையின் குறியாக்கத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர் பியரிக் கோட்ரி சுமார் 20 நிமிடங்களில் உடைத்துவிட்டார். தேர்தலுக்கு முன்பே அது சரிசெய்யப்பட்டது. பேரேடு எவ்வளவு உறுதியாக இருப்பினும், அதில் எழுதும் பேனா வாக்காளரின் கைப்பேசிதான். அது கெட்டிருந்தால், தவறான வாக்கே என்றென்றும் திருத்த முடியாதபடி பதிவாகும்.

வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கைப்பேசியில் இலட்சங்களை அனுப்ப முடிகிறது, ஒரு வாக்கை அனுப்ப முடியாதா? இங்குதான் வங்கித் தொழிலும் தேர்தலும் பிரிகின்றன. பணப் பரிமாற்றத்தில் உங்கள் பெயர், தொகை, நேரம் யாவும் பதிவாகின்றன. குறுஞ்செய்தி வருகிறது, கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. தவறு நேர்ந்தால் புகார் அளிக்கலாம், தொகையைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. வாக்குக்கு இவை எவையும் பொருந்தா. யாருக்கு வாக்களித்தோம் என்பதற்கு ரசீது தந்தால், அதைக் காட்டச் சொல்லிப் பணம் கொடுப்போரும் மிரட்டுவோரும் வந்துவிடுவர். வாக்குச்சாவடியின் மறைவிடம் வீட்டில் இல்லை. அருகில் நிற்பவரின் கண்களைப் பிளாக்செயினால் மூட இயலாது. வங்கியின் நற்பண்பாகிய தடயமே தேர்தலில் குறையாகிவிடுகிறது என்பது எம் கருத்து. பெயரை மறைத்து வாக்கை மட்டும் எண்ணும் கணித முறைகள் உள்ளன. ஆனால் அவற்றைப் பாமர வாக்காளர் தாமே சரிபார்ப்பது கடினம்.

நம் வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வலையமைப்புடனும் இணைக்கப்படுவதில்லை. விவிபாட் கருவியின் சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியே தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. வாக்காளர் பார்க்கலாம், எடுத்துச்செல்ல முடியாது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகின்றனர். 72 தொகுதிகளுக்கான வாக்குகளைப் பதியும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை 2023 ஜனவரியில் அரசியல் கட்சிகளுக்குக் காட்ட ஆணையம் முன்வந்தபோதும், அது வலையமைப்பில் சேராத இயந்திரமாகவே இருந்தது.

வாக்கெடுப்பு என்றாலே இரகசியம் என்பதில்லை. நிறுவனப் பங்குதாரர்களின் வாக்கு, வைத்திருக்கும் பங்குகளின் எண்ணிக்கைப்படி கணக்கிடப்படுகிறது; யாருக்கு எத்தனை பங்கு என்பது பதிவேட்டிலேயே உள்ளது. எனவே, பகிர்ந்த பேரேடு அங்குத் தடையின்றிப் பொருந்தக்கூடும். பங்குகள் வைத்துள்ள நம் வாடிக்கையாளர்கள் 2013 நிறுவனச் சட்டத்தின்படி இப்போதே வீட்டிலிருந்து இணையவழி வாக்களிக்கலாம். பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.