உத்தி பயிலும் ஓராண்டு

புதுதில்லியில் தீஸ் ஜனவரி மார்க் என்றொரு சாலை உண்டு. 'ஜனவரி முப்பது சாலை' என்பது அதன் பொருள். 1948ஆம் ஆண்டு அந்நாளில் காந்தியடிகள் சுடப்பட்டு வீழ்ந்த பிர்லா மாளிகை, இன்று அவருடைய நினைவிடமாக, அச்சாலையின் 5ஆம் எண்ணில் உள்ளது. அடுத்த எண்ணில் இயங்குவது தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. அகிம்சையை வாழ்ந்து காட்டியவரின் நினைவிடமும், போரையும் பாதுகாப்பையும் ஆராயும் கல்லூரியும் ஒரே சாலையில் அமைந்தது தற்செயல்தான். ஆயினும், போரைப் பற்றிப் பேசுவோர் நாள்தோறும் அந்நினைவிடத்தைக் கடந்து செல்வது பொருத்தமற்றது என்று சொல்லிவிட முடியாது.

இக்கல்லூரியின் மாணவர்கள் நரை கண்டவர்கள். தரைப்படையில் பிரிகேடியர், கடற்படையில் கமடோர், வான்படையில் ஏர் கமடோர் ஆகிய பதவிநிலைகளில் இருப்போர். இந்திய ஆட்சிப்பணி, வெளியுறவுப்பணி, காவல்பணி முதலியவற்றில் இணைச் செயலாளர் நிலையை எட்டியோர். நட்பு நாடுகள் அனுப்பிவைக்கும் அலுவலர்கள் எனப் பலரும் இங்கு ஒன்றாக அமர்ந்து பயில்கின்றனர். பூட்டானின் இன்றைய மன்னர் ஜிக்மே கேசர் நாம்கியெல் வாங்சுக்கும் இங்குப் பயின்றவரே. இவர்களுள் பெரும்பாலோர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றியவர்கள். ஆயிரக்கணக்கானோருக்கு ஆணையிட்டவர்களும், மாவட்டங்களை ஆண்டவர்களும், அயல்நாட்டுத் தலைநகரங்களில் பேச்சுவார்த்தை நடத்தியவர்களும் இவர்களுள் உண்டு. இத்தகையோரை ஏறத்தாழ 47 வாரங்கள் பணியிலிருந்து விடுவித்து, மீண்டும் மாணவராக அமரச் செய்கிறது அரசு. இவர்கள் கற்க இன்னும் என்ன எஞ்சியிருக்கிறது?

போர்த்தந்திரமும் உத்தியும்

ஒரு குன்றின்மீது பகைவர் அமர்ந்திருக்கின்றனர் என்று கொள்வோம். எந்தச் சரிவின் வழியே ஏறுவது, பீரங்கிகளை எங்கு நிறுத்துவது, இரவில் தாக்குவதா, விடியலில் தாக்குவதா என்பன போர்த்தந்திரம் சார்ந்த வினாக்கள். இவற்றுக்கு விடைகாண இளம் அலுவலர் ஒருவர் சென்னை பரங்கிமலையிலோ டேராடூனிலோ உள்ள பயிற்சிக் கழகத்திலேயே கற்கத் தொடங்கிவிடுகிறார்.

அந்தக் குன்று நமக்குத் தேவைதானா? கைப்பற்றினால் பனிக்காலம் முழுவதும் அங்குள்ள வீரர்களுக்கு உணவும் எரிபொருளும் எவ்வாறு சென்று சேரும்? அச்செலவுக்காக எந்தச் சாலையை, எந்த மருத்துவமனையைத் தள்ளிப்போடுவது? அண்டை நாடு என்ன செய்யும்? அதன் நட்பு நாடு என்ன செய்யும்? போர் நீண்டால் மக்கள் தாங்குவார்களா? இவை உத்தி சார்ந்த வினாக்கள். குன்றின்மீது ஏறத் தெரிந்தவர் எவராயினும், இவற்றுக்குத் தனியொருவராக விடை கூற இயலாது.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களைத் திருக்குறள் எங்கே வைத்திருக்கிறது என்பதை நோக்குக. படையைப் பற்றிய அதிகாரங்களான படைமாட்சி, படைச்செருக்கு ஆகியவற்றை அடுத்து அவை இல்லை. வெகு முன்னதாக, ஆள்வோனுக்குரிய அரசியலில், தெரிந்துசெயல்வகையைத் தொடர்ந்து அவை அமைந்துள்ளன. எப்போது, எங்கே, எவ்வளவு வலிமையோடு மோதுவது என்பது வீரனின் பாடமாக இருப்பதற்கு முன்பே ஆள்வோனின் பாடம் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது.

இரண்டு பாடங்களுக்கும் இடையே ஒரு படிநிலை உண்டு. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் நடுத்தர நிலை அலுவலர்கள் பயில்கின்றனர். நாட்டுப் பிரிவினைக்கு முன்பு குவெட்டாவில் இயங்கிய கல்லூரியின் இந்தியப் பகுதியே 1947இல் வெலிங்டனுக்கு வந்தது. அதன் சின்னத்தில் ஆந்தை இடம்பெற்றுள்ளது. நம் ஊர்களில் அலறலுக்காக அஞ்சப்படும் அப்பறவை, அங்கு அறிவின் அடையாளம்.

ஒரு தோல்வியிலிருந்து

உயர்நிலை அலுவலர்களுக்கு உத்தி கற்பிக்கும் கல்லூரி என்னும் எண்ணம் வலுப்பெறுவதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவை முதல் உலகப்போரின் இழப்புகள். அவற்றுள் ஒன்று டார்டனெல்ஸ் நீரிணையில் நிகழ்ந்தது. 1915 மார்ச் 18 அன்று பிரித்தானிய, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அக்குறுகிய நீர்வழியைக் கடந்து துருக்கியின் தலைநகரை நோக்கிச் செல்ல முயன்றன. கடற்கண்ணிகளில் மோதி மூன்று பெரிய கப்பல்கள் மூழ்கின. கடற்படை பின்வாங்கியது. தரைப்படை கலிப்பொலிக் கரையில் இறங்கியதோ ஏப்ரல் 25 அன்று. இடையில் கிடைத்த ஐந்து வாரங்களைத் துருக்கியர் வீணாக்கவில்லை. குன்றுகளில் அகழிகள் வெட்டிக் காத்திருந்தனர். இரு தரப்பிலும் பெரும் உயிரிழப்புக்குப் பின், 1916 ஜனவரியில் படையெடுத்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். கடற்படையும் தரைப்படையும் தத்தம் தொழிலை அறிந்தே இருந்தன. இரண்டையும் இணைத்து எண்ணிப் பார்க்கும் இடம்தான் இல்லை.

அத்தாக்குதலை வற்புறுத்திய கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அதனால் பதவி இழந்தார். முப்படை அலுவலர்களும் அரசு அலுவலர்களும் ஒன்றாகப் பயிலும் கல்லூரி ஒன்று வேண்டும் என்று 1922இல் பரிந்துரைத்த குழுவின் தலைவரும் அவரே. அப்பரிந்துரையின்படி 1927இல் லண்டனில் இம்பீரியல் பாதுகாப்புக் கல்லூரி தொடங்கப்பட்டது. கடற்படை வரலாற்றறிஞரான அட்மிரல் ஹெர்பர்ட் ரிச்மண்ட் அதன் முதல் தலைவர். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கே.எம். கரியப்பா 1947இல் அங்குப் பயின்றார். அக்கல்லூரியை ஒட்டிய அமைப்பில் உருவானதே புதுதில்லிக் கல்லூரி. 1960 ஏப்ரல் 27 அன்று தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அதனைத் தொடங்கிவைத்தார்.

கட்டளை இல்லாத வகுப்பறை

இங்குக் கற்பிக்கப்படுவனவற்றுள் துப்பாக்கியும் பீரங்கியும் சிறுபகுதியே. நாட்டின் சமூக அமைப்பு, பொருளாதாரம், அறிவியல் தொழில்நுட்பம், அண்டை நாடுகளின் அரசியல், உலகச் சூழல், பாதுகாப்பு நிருவாக அமைப்பு என்று ஆண்டு முழுவதும் பாடங்கள் விரிகின்றன. அமைச்சர்கள், தூதர்கள், பொருளியல் அறிஞர்கள், அறிவியலாளர்கள் வந்து உரையாற்றுகின்றனர். உரை முடிந்ததும் வினாக்கள் எழுகின்றன. இத்தகைய கல்லூரிகளில் அரங்கினுள் பேசப்பட்டதை இன்னார் சொன்னார் என்று வெளியில் கூறுவதில்லை என்னும் மரபு உண்டு. அந்த உறுதி இருந்தாலன்றி எவரும் மனம்திறந்து பேசமாட்டார்.

பயில்வோர் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரே குழுவில் தரைப்படையினர், கடற்படையினர், ஆட்சிப்பணியினர், அயல்நாட்டினர் என அனைவரும் கலந்திருப்பர். ஒரு சிக்கலை ஆராய்ந்து, பொதுவான ஓர் அறிக்கையை அவர்கள் அளிக்க வேண்டும். எல்லைப்புறங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்று வருகின்றனர். தனித்தனியே ஆய்வேடும் எழுதுகின்றனர். அவ்வாய்வுக்கு ஆய்வியல் நிறைஞர் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம், நம் சென்னைப் பல்கலைக்கழகம்.

பாடங்களைவிடக் கடினமானது ஒன்றுண்டு. அது பழக்கத்தைக் கைவிடுதல். முப்பது ஆண்டுகள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தும் கட்டளையிட்டும் வாழ்ந்தவருக்கு, விரைந்து முடிவெடுப்பது இரண்டாம் இயல்பாகிவிடுகிறது. கோப்பில் எழுதியே பழகியவருக்கோ, முடிவை ஒத்திவைப்பதே பாதுகாப்பாகத் தோன்றும். இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, ஆசிரியரிடமும் உறுதியான விடை இல்லாத ஒரு வினாவைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் சலிப்பு வரும், பிறகு பூசல், அதன்பின்னரே உரையாடல் தொடங்கும். அந்த உரையாடலுக்கு நாற்பத்தேழு வாரங்கள் மிகையல்ல.

மூன்று நிகழ்வுகள்

அவ்வினாக்கள் எத்தகையவை என்பதை இந்திய வரலாறே காட்டும். கல்லூரி தொடங்கி இரண்டரை ஆண்டுகள் நிறைவதற்குள், 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை இமயமலை எல்லையில் தாக்குதல் தொடங்கியது. நவம்பர் 21 அன்று சீனா தானே போரை நிறுத்தும்வரை இந்தியா அடுத்தடுத்துப் பின்னடைவுகளைச் சந்தித்தது. அப்போரில் இந்திய விமானங்கள் மலைமுகட்டு வீரர்களுக்கு உணவும் தளவாடமும் கொண்டுசென்றன. ஆனால் தாக்குதலுக்கு ஒரு போர்விமானம்கூட அனுப்பப்படவில்லை. அனுப்பினால் கல்கத்தா போன்ற நகரங்கள்மீது சீனா குண்டுவீசும் என்னும் அச்சமே முதன்மையான காரணம்.

அவ்வச்சம் சரியானதா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. திபெத்தின் விமானத்தளங்கள் மிக உயரத்தில் இருப்பவை. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் விமானம் முழுச்சுமையுடன் மேலெழ முடியாது. இயற்பியல் பயிலும் மாணவர் எவரும் இதனை விளக்கிவிடுவர். ஆனால் தளத்தின் உயரத்தை அறிந்தவர் வான்படையினர். அங்கு எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்பதை அறிய வேண்டியவர் உளவுத்துறையினர். நகரத்தில் பீதி எழுந்தால் அடக்க வேண்டியவர் ஆட்சியர். வல்லரசுகள் என்ன சொல்லும் என்று கணிக்க வேண்டியவர் வெளியுறவுத் துறையினர். இவர்கள் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து இவ்வினாவைக் கேட்டிருந்தால் விடை மாறியிருக்குமா? மாறியிருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. வினாவாவது முழுமையாகக் கேட்கப்பட்டிருக்கும்.

1971ஆம் ஆண்டு அதற்கு மறுதலையான காட்சியைத் தருகிறது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில் படையின் ஒடுக்குமுறை தொடங்கியது. ஏதிலியர் இந்தியாவுக்குள் வந்துகொண்டே இருந்தனர். அவர்களின் தொகை ஒரு கோடியை நெருங்கியது. உடனே படையை அனுப்ப வேண்டும் என்னும் குரல் நாட்டில் வலுவாக எழுந்தது. தரைப்படைத் தலைவர் சாம் மானெக்சா காலம் வேண்டும் என்றார். பருவமழையில் வங்கத்தின் ஆறுகள் கரையறியாது பெருகும். வண்டிகள் சேற்றில் புதையும். குளிர்காலத்திலோ ஆறுகள் அடங்கும். வடக்கே இமயக் கணவாய்கள் பனியால் மூடப்படும். அப்போது சீனா எளிதில் தலையிட முடியாது.

காத்திருந்த மாதங்கள் வெறுமனே கழியவில்லை. ஆகஸ்டு 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. தலைமை அமைச்சர் இந்திரா காந்தி மேலைநாட்டுத் தலைநகரங்களுக்குச் சென்று ஏதிலியரின் நிலையை எடுத்துரைத்தார். எல்லைக்கருகே சாலைகளும் கிடங்குகளும் ஆயத்தமாயின. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் வான்படை மேற்கு இந்திய விமானத்தளங்களைத் தாக்கியதும் முழுப்போர் மூண்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். பதின்மூன்று நாள் போர் என்று அது குறிக்கப்படுகிறது. எட்டு மாதங்கள் என்று எழுதுவதே சரியான கணக்கு. அம்மாதங்களில் எல்லையோர முகாம்களில் நோயாலும் பசியாலும் இறந்த குழந்தைகளையும் அக்கணக்கில் சேர்த்தாக வேண்டும். காத்திருத்தலுக்கும் விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்தோர் முகாம்களில் இருந்தனர்.

மூன்றாவது நிகழ்வில் இந்தியா ஒரு குண்டுகூடச் சுடவில்லை. 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அங்கு வாழ்ந்த இந்தியர்களுள் 1,70,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக, விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். கச்சா எண்ணெயின் விலை உயர்ந்தது. வளைகுடாவிலிருந்து தொழிலாளர் அனுப்பிய பணம் சுருங்கியது. முன்னரே நலிந்திருந்த அந்நியச் செலாவணி இருப்பு மேலும் கரைந்தது. 1991 ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்கும் நிலைக்கு நாடு வந்தது. இந்நிகழ்வில் பாதுகாக்கப்பட வேண்டிய எல்லை எது? வரைபடத்தில் அதற்குக் கோடு இல்லை.

சீருடை அணியாத உத்தியாளர்

இத்துறையில் இந்தியாவின் முன்னோடிச் சிந்தனையாளராக மதிக்கப்படுபவர் சீருடை அணிந்தவர் அல்லர். திருச்சிராப்பள்ளியில் 1929இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்த கே. சுப்பிரமணியம் அவர். பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இருமுறை இயக்குநராக இருந்தார். 1999இல் கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவல் நிகழ்ந்தது எவ்வாறு என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கும் அவரே தலைவர். செய்திகளைத் திரட்டுவதிலும், திரட்டியவற்றை ஒன்றுசேர்த்து மதிப்பிடுவதிலும் இருந்த குறைகளை அக்குழுவின் அறிக்கை தயக்கமின்றிச் சுட்டிக்காட்டியது.

அவ்வறிக்கையைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர் குழு, முப்படைகளுக்கும் பொதுவான தலைமைத் தளபதி ஒருவர் வேண்டும் என்று 2001இல் பரிந்துரைத்தது. அப்பதவியை முதன்முதலாக ஜெனரல் பிபின் ராவத் ஏற்றது 2020 ஜனவரி 1 அன்று. இடையில் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் தீஸ் ஜனவரி மார்க்கின் வகுப்பறையில் ஓர் அணி எழுந்து சென்றது. இன்னோர் அணி வந்து அமர்ந்தது.