மழலை எனும் மைல்கல்

முதல் சொல் வீட்டுக்கே திருவிழா. ஆனால் அந்தச் சொல் குழந்தையின் நாக்குக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் காதுக்குள் போயிருக்க வேண்டும்.

ஒரு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் தவறாமல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். குழந்தை முதலில் சொன்னது 'அம்மா'வா, 'அப்பா'வா? அம்மா தரப்புக்குச் சாட்சி சொல்ல அவளுடைய அம்மா இருக்கிறாள். அப்பாவிடம் செல்போனில் பதிவு செய்த எட்டு விநாடி ஆதாரம். குழந்தை தன்னைப் பார்த்து 'தாத்தா' என்றுதான் அழைத்தது என்று பெரியவர் தனியாக ஒரு மனுப் போடுவார். வாதி, பிரதிவாதி எல்லோரும் உள்ளூர மகிழ்ச்சியில் மிதக்கும் வழக்கு உலகத்தில் இது ஒன்றுதான்.

மொழியியல் இந்த வழக்கை எப்போதோ விசாரித்து முடித்துவிட்டது. அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக், உலக மொழிகளில் தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். ஒன்றோடொன்று உறவே இல்லாத மொழிகளிலும் அவை ஒரே சாயலில் இருந்தன. ஏன் என்று 1960இல் விளக்கியவர் ரஷ்யாவில் பிறந்த மொழியியலாளர் ரோமன் யாகப்சன். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும்போது அதன் திருப்தி மூக்கின் வழியாக 'ம்ம்' என்றுதான் வெளிவர முடியும். வாயைத் திறந்தால் 'மா'. உதடுகளை மூடித் திறந்தால் 'பா'. அந்த ஒலிகளைப் பிடித்து, 'இது நான்தான்' என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள் பெற்றோர்கள். ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. அங்கே பிறந்திருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும்.

'ங்கா'விலிருந்து

முதல் சொல் திடீரென்று குதிப்பதல்ல. பிறந்து இரண்டு மாதம் நெருங்கும்போது, அழுகையைத் தவிர வேறு ஓசைகளும் தொண்டையிலிருந்து வரத் தொடங்குகின்றன. தமிழ் வீடுகளில் பாட்டிமார்கள் முகத்துக்கு நேரே குனிந்து "ங்கா சொல்லு, ங்கா சொல்லு" என்று கொஞ்சும் பருவம் அது. ஆறு, ஏழு மாதங்களில் 'பாபாபா', 'மாமாமா' என்று அசைகள் கோவையாக வருகின்றன. ஒரு வயதை ஒட்டி முதல் சொல். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் சொற்கள் ஐம்பதைத் தாண்டி, "அப்பா ஆபீஸ்", "பால் வேணாம்" என்று இரண்டிரண்டாகச் சேர்கின்றன.

புரிந்துகொள்வது இதற்கெல்லாம் முன்னால் ஓடுகிறது. 'ஃபேன் எங்கே?' என்றால் மேலே பார்க்கும் குழந்தைக்கு 'ஃபேன்' என்று சொல்ல இன்னும் பல மாதம் பிடிக்கும்.

காது வேலையை இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், வேறு பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்பின என்று 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. 1984இல் கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் நடத்திய சோதனை நமக்கு நெருக்கமானது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளில் ஒரு ஜோடி, இந்தியின் 'ட'வும் 'த'வும். ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவது கடினம். அவர்களின் ஆறேழு மாதக் குழந்தைகளுக்கோ எளிதாகப் பிடிபட்டது. ஒரு வயதை நெருங்கும்போது அந்தக் குழந்தைகளும் அந்தத் திறமையை இழந்துவிட்டிருந்தன. பயன்படாத கதவுகளை மூளை சாத்திவிடுகிறது. வீட்டு மொழியின் ஒலிகளுக்கான கதவு மட்டும் அகலத் திறக்கிறது.

பிள்ளைத்தமிழின் அட்டவணை

குழந்தையின் வளர்ச்சிக்குப் படிநிலை வகுத்தது மேல்நாட்டு மருத்துவம் மட்டுமல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கச் சோழன் மீது பாடிய காலத்திலிருந்து, பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடி வருகிறது. தலையைத் தூக்கி முகம் அசைத்து ஆடும் செங்கீரை, தாலாட்டில் நாக்கு அசையும் தால், இரு கையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, முத்தம் கேட்கும் பருவம், தளர்நடையிட்டு வரச் சொல்லும் வருகை, நிலவைக் கூப்பிடும் அம்புலி. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

இதன் பக்கத்தில் 1991இல் வெளியான திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டவணையை வைத்துப் பார்த்தால் வியப்பு ஏற்படும். அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய இந்த அட்டவணை, பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை கவனிக்க வேண்டிய 17 செயல்களைக் கொண்டது. ஒரு சுகாதார ஊழியர் சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, மணியோசைக்குத் திரும்புவது, கை தட்டுவது, தனியாக நடப்பது, இரண்டு சொல் சொல்வது என்று அது போகிறது. செங்கீரையும் சப்பாணியும் வருகையும் அதில் வேறு பெயர்களில் இருக்கின்றன.

அம்புலிப் பருவம் தனிக் கவனத்துக்கு உரியது. நிலவைச் சுட்டிக்காட்டும் குழந்தை அதைப் பறித்துத் தரச் சொல்வதற்கு மட்டும் விரல் நீட்டவில்லை. 'நான் பார்ப்பதை நீயும் பார்' என்கிறது. சுட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கணம், சொல்லுக்கு முந்திய உரையாடல். இன்றைய குழந்தை மருத்துவர்கள் ஒரு வயதுக் குழந்தையிடம் முக்கியமாகத் தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

'இல்லை'யும் 'வேண்டாம்'மும்

தமிழ்க் குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் எதிர்பாராத ஒருவர், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர். நரசிம்மன். இந்தியாவில் உருவான முதல் கணிப்பொறிகளில் ஒன்றான டிஃப்ராக்கை வடிவமைத்த குழுவின் தலைவர். இயந்திரத்துக்கு மொழி கற்பிப்பது பற்றி யோசித்தவர், மொழி கற்கும் குழந்தையிடம் வந்து சேர்ந்தார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை, ஏறத்தாழ ஒன்பது மாதத்திலிருந்து இரண்டே முக்கால் வயது வரை பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் குழந்தைமொழித் தொகுப்பில் இருக்கிறது.

தமிழ்க் குழந்தைகள் மறுப்பதை மட்டுமே தனியாக ஆராய்ந்து வைத்தியநாதன் 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆராயத் தகுந்த விஷயம்தான். ஆங்கிலக் குழந்தை தொடக்கத்தில் ஒரே ஒரு 'நோ'வை வைத்துக் காலம் தள்ளுகிறது. தமிழ்க் குழந்தையோ, டப்பாவில் பிஸ்கட் தீர்ந்தால் 'இல்லை', ஊட்டும் சாதத்துக்கு 'வேணாம்', குளிக்கக் கூப்பிட்டால் 'மாட்டேன்' என்று மூன்று கதவுகளுக்கு மூன்று சாவி வைத்திருக்க வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இதில் குழப்பம் வருவதில்லை. ழகரமும் றகரமும் சரியாக வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகலாம். 'பழம்' அதுவரை 'பயம்'தான்.

இரண்டு மொழி, ஒரு நாக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 6.9 கோடி. அவர்களில் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே வசிப்பவர்கள். தில்லியிலோ புனேயிலோ பெங்களூரிலோ உள்ள தமிழ் வீட்டில், குழந்தைக்கு அம்மாவிடம் தமிழ், பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் இந்தி அல்லது கன்னடம், மாடியில் விளையாடும் பிள்ளைகளிடம் மூன்றாவது மொழி. பேச்சு இரண்டு மாதம் தள்ளினால் போதும், 'ரெண்டு மொழியைப் போட்டுக் குழப்பிட்டீங்க' என்று உறவினர்கள் தொடங்கிவிடுவார்கள். முதலில் பலியாவது தமிழ்.

ஆய்வுகள் இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. இரு மொழிக் குழந்தைகளும் முதல் சொல்லை ஏறத்தாழ அதே வயதில்தான் சொல்கிறார்கள். ஒரு மொழியில் மட்டும் சொற்களை எண்ணினால் கணக்குக் குறைவாகத் தெரியும். தமிழில் இருபத்தைந்து, இந்தியில் இருபத்தைந்து என்றால் அந்தக் குழந்தையிடம் இருப்பது ஐம்பது. "பானி வேணும்" என்ற கலப்பும் குழப்பம் அல்ல, கையில் கிடைத்ததை வைத்து வேலையை முடித்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம். இந்தியில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் தமிழ் எழுத்தில் ஒரே 'கானா'தான். இருபத்தைந்து வயதில் தில்லிக்கு வேலைக்கு வந்த அப்பா இரண்டையும் ஒரே மாதிரி உச்சரித்து இன்றும் சிரிப்புக்கு ஆளாகிறார். அங்கேயே பிறந்த மகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

அமைதியான குழந்தை

'சமர்த்துக் குழந்தை, எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்காது' என்பது பல வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படுவது. சில வீடுகளில் அது ஓர் எச்சரிக்கை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு கடுமையான செவித்திறன் குறைவோடு பிறக்கின்றன. கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றவை போலவே 'ங்கா' சொல்லும், முகம் பார்த்துச் சிரிக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதும் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதும் நம்பத் தகுந்த சோதனைகள் அல்ல. காற்றின் அசைவு, தரையின் அதிர்வு, சுவரில் விழும் நிழல் எதுவும் குழந்தையைத் திரும்ப வைக்கும். பாதி கேட்கும் குழந்தை பாத்திர ஓசைக்குத் திரும்பும், பேச்சைத் தவறவிடும்.

பிறகு இரண்டு வயதில் தேடல் தொடங்குகிறது. நாக்கில் வசம்பு தடவுகிறார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது என்று வெட்டச் சொல்கிறார்கள். நாக்கு ஒட்டியிருப்பது சில எழுத்துகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், பேச்சையே நிறுத்துவதில்லை. 'அவங்க அப்பாவும் மூணு வயசிலதான் பேசினான்' என்ற குடும்ப வரலாறு வேறு. ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுத் தாமதம்தான். அது ஓரிரு மாதக் கணக்கு, வருடக் கணக்கு அல்ல.

இழந்த அந்த இரண்டு வருடம் விலைமதிப்பற்றது. செவிக் குறைவை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கிய குழந்தைகளின் மொழித்திறன், தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலாக இருந்தது என்று 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிது: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. தூங்கும் சிசுவின் காதில் சிறு கருவியை வைத்துச் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை சில நிமிடங்களில் முடியும், வலி கிடையாது. அதில் சந்தேகம் எழுந்தால் 'பெரா' சோதனை. நாட்டின் எல்லா மருத்துவமனைகளிலும் இது வழக்கமாகிவிடவில்லை. கேட்டுப் பெற வேண்டியது பெற்றோரின் பொறுப்பாகவே இருக்கிறது.

உதவிக்கு இடங்கள் உண்டு. 2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் மாவட்ட மையங்கள், 1965இல் நிறுவப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம், மும்பையின் அலி யாவர் ஜங் நிறுவனம், காது கேளாத சிறு குழந்தைகளுக்கென 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா எல்லாம் இந்தத் துறையில் அறியப்பட்டவை. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைக்கு மத்திய அரசும் தமிழக அரசும் உதவுகின்றன. எல்லாவற்றுக்கும் வயது வரம்பு உண்டு என்பதுதான் நினைவில் வைக்க வேண்டியது.

பேச ஆள் வேண்டும்

காது நன்றாக இருந்தாலும் கேட்பதற்குப் பேச்சு வேண்டும். பெட்டியிலிருந்து வரும் பேச்சு போதாது. அமெரிக்காவில் பட்ரிஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு நேரில் அமர்ந்து சீன மொழியில் பேசியவர்களிடமிருந்து அந்த மொழியின் ஒலிகள் பிடிபட்டன. அதே பேச்சை டி.வி.யில் கேட்ட குழந்தைகளுக்கு எதுவும் ஒட்டவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி. ஊரிலுள்ள தாத்தா பாட்டியுடன் எப்போதாவது வீடியோவில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. எதிர்முனையில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரே.

விலை உயர்ந்த பொம்மைகளும் அட்டைகளும் தேவையில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், காது என்று சொல்லலாம். கீரை ஆயும்போது கதை சொல்லலாம். 'மம்மம்', 'உம்மாச்சி', 'டாட்டா' என்று கொஞ்சுவது மொழியைக் கெடுக்காது. இப்படி ஒரு மழலை மொழி மராத்தியிலிருந்து அரபி வரை இருப்பதை 1964இலேயே மொழியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முக்கியமானது ஒன்றே ஒன்று: கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பதில் 'ப்பூ' என்று வந்தாலும் அது பதில்தான்.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

பக்கத்து வீட்டுக் குழந்தை அளவுகோல் அல்ல. தில்லி உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் இருக்கலாம். தவழாமலேயே நடந்த குழந்தைகளும் உண்டு. பேச்சிலும் இப்படி இடைவெளி உண்டு. ஆனால் கீழ்க்கண்டவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

• ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பாமை.

• ஒரு வயதில் 'பாபா, மாமா' போன்ற அசைகள் இல்லாமை. சுட்டுதல், டாட்டா காட்டுதல் போன்ற சைகைகள் இல்லாமை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை.

• பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாமை.

• இரண்டு வயதில், தானாக இரண்டு சொற்களைச் சேர்க்காமை.

• எந்த வயதிலும், வந்த சொற்கள் மறைந்துபோவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது செவிப் பரிசோதனை. காது நன்றாக இருந்தால், ஆட்டிசம் உள்ளிட்ட மற்றக் காரணங்களைக் குழந்தை வளர்ச்சி நிபுணர் ஆராய்வார். பயந்தது வீண் என்று தெரிந்து திரும்பி வருகிற பெற்றோருக்கு இழப்பு ஒரு நாள் மட்டுமே.