உதவிநிதி இருந்தும் எட்டாதது ஏன்?

வறுமையினால் ஒரு பிள்ளையின் மேற்படிப்பு தடைபடக் கூடாது என்பதற்காகவே அரசாங்கங்கள் உதவிநிதி ஒதுக்குகின்றன. ஆயினும் நிதி இருந்தும், தேவைப்படும் மாணவருக்கு அது போய்ச் சேராமல் இருப்பதுண்டு. பல வேளைகளில் அதற்கு விண்ணப்பப் பாரமே காரணமாகி விடுகிறது. மாணவர்கள் பாரம் நிரப்பத் துணைபுரிந்து வருபவன் என்ற முறையில், இதில் அமெரிக்கா பெற்ற அனுபவத்தை இங்கு விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் கல்லூரி மாணவர் ஒருவர் மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ பெற வேண்டுமாயின், 'ஃபாஃப்சா' எனப்படும் பாரத்தை நிரப்ப வேண்டும். திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத 'பெல்' உதவித்தொகையும் இதன் வழியே கிடைக்கிறது. பழைய பாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. பெற்றோரின் வருமானம், வரி, சேமிப்பு என அது நீண்டது. வசதியுள்ளவர் வீட்டில் கணக்கு தெரிந்தவர் இருப்பார். கூலித் தொழிலாளியின் வீட்டில் யார் இருக்கிறார்? உதவி யாருக்காக ஏற்பட்டதோ அவர்களில் பலர் விண்ணப்பிக்காமலே இருந்து விட்டனர்.

2008ஆம் ஆண்டில் எரிக் பெட்டிங்கர் முதலான ஆய்வாளர்கள் ஒஹாயோ மாநிலத்திலும் வட கரோலினாவின் ஷார்லட் நகரிலும் ஒரு சோதனை நடத்தினர். வருமானவரிக் கணக்கு எழுத வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, அந்தக் கணக்கைக் கொண்டே பாரத்தையும் அங்கேயே நிரப்ப உதவினர். மற்றொரு பிரிவினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் கூறினர். உதவி பெறாத குடும்பங்களின் உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 28 விழுக்காட்டினர் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தனர். பாரம் நிரப்ப உதவி பெற்றவர்களில் அது 36 விழுக்காடாக உயர்ந்தது. விவரம் மட்டும் கேட்டுச் சென்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை.

2020 டிசம்பரில் இப்பாரத்தை எளிமையாக்கச் சட்டம் நிறைவேறியது. வருமான விவரங்களை வரித்துறையிடமிருந்தே நேரடியாகப் பெறவும், சிலருக்குக் கேள்விகள் 18 அளவுக்குக் குறையவும் வழி பிறந்தது. ஆனால் வழக்கமாக அக்டோபரில் வரும் பாரம், 2023 டிசம்பர் 30ஆம் தேதிதான் வெளிவந்தது. பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத மாணவர்கள் பலர் வாரக்கணக்கில் அதை முடிக்க இயலாமல் தவித்தனர். முதல் ஐந்து மாதங்களில் உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குப் பதிலே கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுப் பாரத்தை முதலில் சிறு குழுக்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே, 2024 நவம்பரில் அனைவருக்கும் திறந்து விட்டனர்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று. அரசிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தை மீண்டும் ஏழையிடம் கேட்கக் கூடாது. புதிய முறையை, அதிகச் சிரமப்படக் கூடியவரிடம் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியதோடு உதவி முடிந்துவிடுவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர ஆள் வேண்டும்.

முதலிரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பு. மூன்றாவதை நாமே செய்யலாம். விண்ணப்பக் காலத்தில் ஒரு மேசையும், பொறுமையுள்ள இரண்டு தொண்டர்களும் இருந்தால் போதும். பெற்றோர்களும் கடைசி நாள்வரை காத்திராமல், வருமானச் சான்றையும் அடையாள அட்டை நகலையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.