களம் பெரிது, வீடு சிறிது

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாகச் செங்குன்றம் வரை நெல்லும் அரிசியும் புழங்கும் பாதை. இந்த வட்டாரத்தில் பழைய அரிசி ஆலை என்றால் உயரமான புகைபோக்கி, ஊறல் தொட்டிகள், பரந்த சிமெண்ட் களம், களத்தின் ஓரத்தில் ஒற்றை அறை வீடுகள். இயந்திரம் நிற்கும் கொட்டகைக்கு இவற்றில் சிறிய இடம்தான்.

அந்த இயந்திரம் ஹல்லர். காப்பிக்கொட்டை உரிப்பதற்காக 1880களில் பிரேசிலில் எங்கெல்பர்க் என்பவர் உருவாக்கியது. வரிவரியான வார்ப்பிரும்பு உருளை, சல்லடைக் கூட்டுக்குள் சுழலும். நெல்லோடு நெல் உரசி உமியும் தவிடும் ஒரே ஓட்டத்தில் கழன்றுவிடும். விலை மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் நொய் அதிகம். உமியோடு கலந்த தவிட்டில் எண்ணெய் எடுக்க வழியில்லை, மாட்டுக்குத்தான் போகும். பின்னால் வந்த ரப்பர் உருளைகள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று, உமியை மட்டும் உரித்தன.

ஆனால் ஆலையின் உண்மையான வேலை களத்தில்தான். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்க வேண்டும். மாவுச்சத்து கூழாகி, மணிக்குள் இருக்கும் விரிசல்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் அரைக்கும்போது அவ்வளவாக உடையாது. தவிட்டிலுள்ள தயமின் உள்ளே இறங்குவதால், பச்சரிசியை மட்டும் தின்றவர்களை வாட்டிய பெரிபெரி புழுங்கல் உண்டவர்களை அதிகம் அண்டவில்லை. அவித்த நெல்லில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும். அதை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுக் காயவைத்தால் மணி வெடித்துவிடும். விட்டுவிட்டுக் கிளற வேண்டும், மழை இருட்டினால் ஓடிக் குவிக்க வேண்டும்.

பகல் வெயிலைப் பிடிக்க இரவிலேயே அவிக்க வேண்டியிருந்தது. ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் நடக்கும். வீடுகள் ஆலைக்குள்ளேயே அமைந்ததற்குக் காரணம் இதுதான், கருணை அல்ல. முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்ட ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்தன. 1976ஆம் ஆண்டே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும்தான். அரசு அதிகாரிகள் போய் மீட்டிருக்கிறார்கள்.

இன்று உலர்த்தி இயந்திரம் வைத்த ஆலைக்குக் களமும் வேண்டாம், வீடும் வேண்டாம். பழைய ஆலையைப் பாரம்பரியச் சின்னமாகக் காக்க நினைப்பவர்கள் புகைபோக்கியோடு நிறுத்தாமல் அந்த ஒற்றை அறைகளையும் காக்கட்டும். முன்பணத்துக்கு ஆளைக் கட்டிவைத்திருப்பது எங்காவது கண்ணில் பட்டால் கோட்டாட்சியரிடம் சொல்லுங்கள். விடுவித்துச் சான்று தர வேண்டியவர் அவர்தான்.